பட்டறையும் பொறியியல் பட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளாக மாணவர்களைச் சுவாமிமலை வார்ப்புப் பட்டறைகளுக்கு அழைத்துப்போய், அதையே ஒரு விருப்பப் பாடமாக நடத்திவருகிறோம். இதைப் பற்றி எங்கே பேசினாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஆசிரியர்கள், பெற்றோர்கள், மாணவர்கள், பட்டறைக்காரர்கள் என்று ஒவ்வொருவரும் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, என்னால் முடிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். எனக்கு நேரடியாகத் தெரிந்தது வார்ப்பு என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

"இன்ஜினியரிங்ல கைவினையா? அது ஓவியக் கல்லூரி சமாச்சாரம் இல்லையா சார்?"

சிலையின் அழகைப் படிப்பது ஓவியக் கல்லூரியின் வேலை. அந்தச் சிலை ஓட்டை விழாமல், விரல் நுனிவரை உலோகம் ஓடி, ஒரே வார்ப்பில் எப்படி வந்தது என்று கேட்பது நம் வேலை. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாகப் பூசி, காயவிட்டு, பிறகு மணல் கலந்த கனமான மண்ணைப் போர்த்தி, கம்பி கட்டி, சூடேற்றி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பாடப்புத்தகத்தில் 'இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்' என்று ஒரு பக்கத்தில் முடிந்துபோகும் விஷயம் இதுதான். ஜெட் இன்ஜினின் டர்பைன் பிளேடுகள் வார்க்கப்படுவதும் இதே தத்துவத்தில்தான்.

முதல் முறை போனபோது ஒரு மாணவன், "ஐயா, எவ்வளவு உலோகம் உருக்கணும்னு எப்படி முடிவு பண்றீங்க?" என்று கேட்டான். சிலை வார்க்கும் ஸ்தபதி திரும்பக் கேட்டார்: "மெழுகை எடை போட்டியா தம்பி?" மெழுகு உருவத்தின் எடையைப்போல இத்தனை மடங்கு உலோகம் என்பது அவர்கள் கணக்கு. பட்டறைக்குப் பட்டறை எட்டு, ஒன்பது, பத்து என்று மாறும். பையன்கள் மணலில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டார்கள். தேன்மெழுகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.96 கிராம், செம்புக் கலவைக்கு 8.5 முதல் 8.9 வரை. வகுத்தால் ஏறக்குறைய ஒன்பது வருகிறது. அடர்த்தி என்ற சொல் யாரும் சொல்லித்தராமலே அன்று அவர்களுக்குப் புரிந்தது.

"எங்க ஊர்ல அப்படி ஒண்ணும் இல்லையே. எந்த டிபார்ட்மென்ட்டுக்கு எது பொருந்தும்?"

இல்லாத ஊர் குறைவு. கல்லூரியிலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கட்டடவியல் துறைக்குச் செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு இருக்கிறது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சுண்ணாம்புச் சாந்தில் என்ன செய்கின்றன என்பதை ஒரு செமஸ்டர் முழுக்கச் சோதித்துப் பார்க்கலாம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்கிறார்கள். முகத்தின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது.

கணினித் துறையினர், "எங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். காஞ்சிபுரத்துத் தறியின்மேல் தொங்கும் ஜக்கார்டு அட்டையைப் பாருங்கள். துளை இருந்தால் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மேலே போகும், இல்லையென்றால் போகாது. கணினியின் துளை அட்டைக்கு முன்னோடி அதுதான். கோர்வைச் சேலையில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாக்கள் மூன்றை வைத்து, உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக நெய்து கோக்கிறார்கள். அந்த ஓட்டத்தை ஒரு நிரலாக எழுதச் சொன்னால் மூன்றாமாண்டு மாணவருக்கும் வேர்க்கும்.

மின்னணுவியலுக்கும் அதிர்வியலுக்கும் தஞ்சாவூர் வீணை, மானாமதுரைக் கடம், மிருதங்கம் மூன்றும் போதும். சாதாரணத் தோல் கருவியில் மேற்சுரங்கள் ஒழுங்கில்லாமல் வரும். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் பூசியிருக்கும் கருப்புக் கரணை அவற்றை இசைச் சுரங்களாக ஒழுங்குபடுத்துகிறது என்பதைச் சி. வி. ராமன் ஆராய்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அவர் காதாலும் எளிய கருவிகளாலும் செய்ததை இன்று ஒரு கைப்பேசிச் செயலியால் செய்துவிடலாம். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஒலியைப் பதிவுசெய்து வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். பூசுகிறவர் எந்த இடத்தில் "போதும்" என்று நிறுத்துகிறார் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

"ஏற்கெனவே முதல் வருஷத்துல 'தமிழரும் தொழில்நுட்பமும்' படிக்கிறோமே, போதாதா?"

அது நல்ல தொடக்கம். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு ஒரு கிரெடிட் பாடங்கள் வந்தன. நெசவு, பானைத் தொழில், கட்டுமானம், உலோகம், நீர்ப்பாசனம் எல்லாம் அவற்றில் பேசப்படுகின்றன. ஆனால் ஒவ்வோர் அலகுக்கும் மூன்று மணி நேரம்தான். மூன்று மணி நேரத்தில் பெயர்களைத்தான் சொல்ல முடியும், களிமண்ணைத் தொட முடியாது. அந்தப் பாடத்தில் பெயர் கேட்ட மாணவர் மூன்றாமாண்டில் பட்டறைக்குப் போக ஒரு வழி வேண்டும். இந்தப் பக்கம் முழுக்க அந்த வழியைப் பற்றியதுதான்.

"நாங்க அஃபிலியேட்டட் காலேஜ். சிலபஸ்ல கை வைக்க முடியாதே?"

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடக்குழுவில் வைத்துப் புதிய விருப்பப் பாடத்தைக் கொண்டுவரலாம். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் (ஏஐசிடிஇ) கணக்குப்படி வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட், இரண்டு மணி நேரச் செய்முறைக்கு ஒரு கிரெடிட். நாங்கள் வாரம் ஒரு மணி வகுப்பு, நான்கு மணி பட்டறை என்று வைத்து மூன்று கிரெடிட் ஆக்கினோம். பாடக்குழு முன்னால் போகும்போது கையில் ஒரு ஆதாரம் இருப்பது நல்லது. மாணவர்கள் தங்கள் மொத்த கிரெடிட்டில் 5 விழுக்காடாவது இந்திய அறிவு மரபுப் பாடங்களாக எடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2023இல் பரிந்துரைத்திருக்கிறது.

இணைப்புக் கல்லூரிக்கு அந்தச் சுதந்திரம் இல்லைதான். ஆனால் இறுதியாண்டு புராஜெக்ட், கோடைக்கால இன்டர்ன்ஷிப், மதிப்புக் கூட்டுப் படிப்பு ஆகிய மூன்றும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. வார்ப்புப் பாடத்தின் ஆய்வகத்துக்கு வாங்கும் பச்சை மணலோடு (ஈரப்பதமுள்ள வார்ப்பு மணல்) ஒரு கூடை வண்டல் மண்ணையும் வாங்கி, இரண்டின் நுண்துளைகளையும் காற்றுப் போக்கையும் ஒப்பிட்டால் அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

"ஸ்தபதிக்கு டிகிரி இல்லையே. வகுப்பு எடுக்க ஏத்துப்பாங்களா?"

விதியில் இடம் இருக்கிறது. 'பிராஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று, பட்டம் இல்லாவிட்டாலும் துறையில் தேர்ந்தவர்களை அமர்த்திக்கொள்ள 2022இல் யுஜிசி வழி செய்தது. கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்லூரியில் தங்கிக் கற்பிக்க வைப்பதற்குத் தனி வழிகாட்டுதலும் வந்திருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957 முதல் ஓர் அரசுக் கல்லூரியே இயங்குகிறது. அங்கே மரபுக் கட்டடக்கலையில் பி.டெக். படிக்கலாம். ஆக இது புதுமையான யோசனையும் அல்ல.

தடை நம் பழக்கத்தில்தான். முதல் வருடம் நாங்கள் ஒரு தவறு செய்தோம். ஸ்தபதியைக் கல்லூரிக்கு அழைத்து, ஏசி அரங்கில் மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, "இருபது நிமிஷத்துல செஞ்சு காட்டுங்க ஐயா" என்றோம். அவர் மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு திணறினார். அந்தக் குளிரில் மெழுகு இறுகிவிட்டது, விரலுக்கு வளையவில்லை. அவருடைய ஆய்வகம் அவருடைய பட்டறை. மாணவர்தான் அங்கே போக வேண்டும். ஆசிரியராக அவருக்கு ஊதியமும் தர வேண்டும். வெளியிலிருந்து வரும் சிறப்பு விரிவுரையாளருக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தருகிறீர்களோ அதே தொகை, அதே வவுச்சர், அதே வங்கிக் கணக்கு வழி. பொன்னாடை சம்பளம் ஆகாது.

"இதனால என் பையனுக்கு வேலை கிடைக்குமா?"

ஒரு தாய் கேட்டார். நேர்மையான பதில்: இந்த ஒரு பாடத்தைக் காட்டி யாரும் வேலை தரமாட்டார்கள். ஆனால் நேர்முகத் தேர்வில் "நீ என்ன புராஜெக்ட் செய்தாய்?" என்று கேட்கும்போது, இணையத்தில் வாங்கிய புராஜெக்ட்டைச் சொல்பவனுக்கும், "ஒரு வார்ப்பில் முழங்கைக்கு மேலே உலோகம் ஏறவில்லை. காற்றுப்போக்கிக் குழாயை இடம் மாற்றினோம், ஏறியது" என்று சொல்பவனுக்கும் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் தினமும் நடக்கும் பேச்சும் இதேதான்.

தறியைப் படித்தவருக்கு ஜவுளி இயந்திரத் துறையும், சுண்ணாம்பைப் படித்தவருக்குப் பழங்கட்டடப் பாதுகாப்புத் துறையும் இருக்கின்றன. உலோகத்தில் இன்னொரு வழியும் உண்டு. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்தன. தென்னாட்டிலிருந்து போன அந்த உருக்கு எஃகை லண்டனில் மைக்கேல் ஃபாரடேவே 1819 முதல் சில ஆண்டுகள் ஆராய்ந்தார். உலோகவியலில் மேற்படிப்புக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு இது நல்ல வாசல்.

"மார்க் எப்படிப் போடுறது? சிலை அழகா இருந்தா நூறா?"

அழகுக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஒரு செமஸ்டரில் யாரும் ஸ்தபதி ஆகிவிட மாட்டார்கள், அப்படி எதிர்பார்ப்பது அந்தத் தொழிலுக்கே அவமரியாதை. நாங்கள் மதிப்பிடுவது நோட்டை. என்ன அளந்தாய், எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, ஏன்? வார்ப்பு பாழாகிப்போன குழு அதற்கான காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தால் முழு மதிப்பெண். உதாரணமாக, செம்புக் கலவை குளிரும்போது ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு சுருங்கும். ஒரு குழு அதை மறந்து பீடத்துக்கு அளவெடுத்து, சிலை பொருந்தாமல் ஆடியது. அந்த ஆட்டத்தைப் பற்றி அவர்கள் எழுதிய நான்கு பக்கம்தான் அந்த வருடத்தின் சிறந்த அறிக்கை.

மதிப்பெண்ணில் ஒரு பகுதியை ஸ்தபதி போடுகிறார். கருவியைத் துடைத்து வைத்தானா, நேரத்துக்கு வந்தானா, கேட்டுக்கொண்டானா என்று பார்க்கிறார். அவர் கை கொஞ்சம் இறுக்கம்தான்.

"ஒடியோலைன்னு ஏதோ சொல்றாங்களே, அதுல கணக்கு இருக்கா?"

நன்றாக இருக்கிறது. செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையைக் கீற்றாக நறுக்கி, பாகம் பாகமாக மடித்துவைக்கிறார்கள். உத்தம தச தாளம் என்ற சிலை அளவு முறையில் மொத்த உயரம் 124 பாகம். முகம், கழுத்து, மார்பு, தொடை எல்லாம் அதன் பங்குகள். சிலை ஒரு சாண் இருந்தாலும் ஆள் உயரம் இருந்தாலும் பங்கு மாறாது. கணினியில் வரைபடம் போடும் கேட் (CAD) மென்பொருளில் ஓர் அளவை மாற்றினால் மற்ற அளவுகள் தாமாக மாறுகின்றனவே, அதே ஏற்பாடு. முதலில் ஓலையை மடித்து, பிறகு கணினியில் அதே உருவத்தை வரையச் சொல்கிறோம். ஒரு மாணவி ஓலை காய்ந்தால் சுருங்குமே என்று கேட்டாள். எல்லாப் பாகமும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் விகிதம் கெடாது என்று அவளே பத்து நிமிடத்தில் பதிலையும் சொன்னாள்.

"உருகின உலோகம், பசங்க... ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

இந்தக் கேள்வியைக் கேட்காத முதல்வரிடம் நானே கேட்கச் சொல்வேன். செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில். அச்சில் ஈரம் கொஞ்சம் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி உலோகத்தை வெளியே தெறிக்கவிடும். ஊற்றுவதற்கு முன் ஸ்தபதி அச்சின் வாய்க்கு நேரே உள்ளங்கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டு நிற்பார். "இன்னும் மூச்சு விடுது" என்பார். இன்னும் கொஞ்ச நேரம் சூடேற்றுவார்கள். எங்கள் மாணவர்கள் அங்கே வெப்பமானியை வைத்து அவர் சரி என்று சொல்லும் நேரத்தைக் குறித்துவருகிறார்கள்.

ஊற்றும் வேலை பட்டறைக்காரர்களுடையது. மாணவர்கள் குறித்த கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். கண்ணாடி, தோல் காலணி, பருத்தி உடை கட்டாயம். பாலியெஸ்டர் சட்டையோடு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். குழுக் காப்பீடு கல்லூரி எடுக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஐம்பொன் கலவையில் ஈயம் சேர்க்கிறார்கள், அதன் புகை உடம்புக்குக் கேடு. அதைப் பல ஆண்டுகளாகச் சுவாசிப்பவர்கள் பட்டறைக்காரர்கள். மாணவர்களைக் காப்பாற்ற யோசிக்கும் நாம் அவர்களையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். புகைபோக்கி வடிவமைப்பு எங்கள் மாணவர்களின் தொடர் புராஜெக்ட் ஆனது அப்படித்தான்.

"இது குலக்கல்வியைப் பின்வாசல் வழியா கொண்டுவர்றது ஆகாதா?"

இந்த மண்ணில் இதைக் கேட்டே ஆக வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. செருப்பு தைத்தவர் மகன் செருப்பையே தைக்கட்டும் என்பதை எதிர்த்து வென்ற ஊர் இது. கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்காமல், சாதி, குடும்பம் பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியாகக் கொண்டுவந்ததும் அந்த நினைவிலிருந்துதான்.

அதனால் எங்கள் பாடத்தில் சில விதிகளை எழுதியே வைத்திருக்கிறோம். எந்த மாணவர் எந்தப் பட்டறைக்குப் போவது என்பது குலுக்கலில்தான். "உங்க வீட்டுல என்ன தொழில்?" என்ற கேள்வியை வகுப்பில் யாரும், ஆசிரியர் உட்பட, கேட்கக் கூடாது. தறிக்காரர் மகள் கணினி படிக்க வந்தால் அவளைத் தறிப் பாடத்துக்குத் தள்ளக் கூடாது. அவளாக எடுத்தால் எடுக்கட்டும். திசை மறுபக்கமும் ஓட வேண்டும். பட்டறைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கவுன்சிலிங் விண்ணப்பம் போடவும், பிளஸ் டூ கணக்குக்கும் எங்கள் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உதவுகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி மூட்டியவர்கள் காலங்காலமாகச் சபா மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அந்த வரலாற்றைச் சொல்லாமல் அதிர்வெண்ணை மட்டும் அளந்துவிட்டு வந்தால் பாடம் பாதிதான்.

"எங்க வேலையைக் கத்துக்கிட்டுப் போயி மெஷின் போட்டு எங்க வயித்துல அடிக்க மாட்டீங்களே?"

இதைக் கேட்டவர் ஒரு ஸ்தபதி. அந்தப் பயம் நியாயமானது. சுவாமிமலை உலோகச் சிலைகளுக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் 1999 சட்டம் தரும் அந்தக் குறியீடு பெயரைத்தான் காக்கும், முறையைக் காக்காது. முறையை வேறு பெயரில் யாரும் செய்து விற்கலாம். காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவு மரபு அறிவை அப்படியே யாரும் காப்புரிமை செய்துகொள்ள முடியாது என்கிறது. அது ஓரளவு பாதுகாப்பு. மாணவர் அதன்மேல் ஒரு புதுமையைச் சேர்த்தால் நிலைமை சிக்கலாகும்.

அதனால் முதல் நாளே ஒரு பக்க ஒப்பந்தம், தமிழில். எதைப் படம் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதைப் பட்டறைதான் முடிவு செய்யும். மண் கலவை விகிதம் போன்றவற்றை அறிக்கையில் எழுதுவதற்கு முன் அவர்களிடம் படித்துக் காட்ட வேண்டும். கண்டுபிடிப்பு எதுவானாலும் பட்டறை உரிமையாளர் கூட்டாளி. கட்டுரை வெளிவந்தால் அவர் பெயரும் ஆசிரியர் பட்டியலில். கடைசி விதி எப்படி வந்தது என்று சொல்கிறேன். முதல் தொகுதி மாணவர்களின் அறிக்கையை அழகாக பைண்ட் செய்து ஸ்தபதியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இதுல என் பேரு எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டார். நன்றியுரையில்கூட இல்லை. அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

"அப்போ முன்னோர் செஞ்சதெல்லாம் விஞ்ஞானம்னு சொல்லித்தரணுமா?"

கூடாது. சோதனைக்கு உட்படுத்தாமல் புகழ்வது பொறியியல் ஆகாது, அந்தக் கைகளுக்கு மரியாதையும் ஆகாது. மேலே சொன்ன ஒன்பது மடங்குக் கணக்கு சோதனையில் நின்றது. ஐம்பொன் காப்பு உடம்பின் மின்சாரத்தைச் சீராக்கும் என்று கடையில் சொல்வது நிற்காது. பொன்னும் வெள்ளியும் இன்று பெரும்பாலும் சாஸ்திரத்துக்காகப் பொட்டளவுதான் போடுகிறார்கள், அதை ஸ்தபதிகளே மறைக்காமல் சொல்கிறார்கள். வண்டல் மண்ணுக்குப் பதில் வேறு மண் சரியாக வரலாம், வராமலும் போகலாம். செய்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். தோற்ற சோதனையையும் நோட்டில் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் மதிப்பெண்ணை மேலே சொன்னபடி வைத்திருக்கிறோம்.

"பொண்ணுங்களைப் பட்டறைக்குள்ள விடுவாங்களா?"

எங்கள் அனுபவத்தில் ஒரு பட்டறை தயங்கியது, மற்றவை தயங்கவில்லை. தயங்கிய இடத்துக்கு யாரையுமே அனுப்பவில்லை. கழிப்பறை வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் உண்மையான சிக்கல் அதுதான்.

"வர்ற செமஸ்டர்லயே ஆரம்பிக்கணும். முதல்ல என்ன செய்யணும்?"

வார்ப்பு என்றால் ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அச்சு காயாது, ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையில் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். கோயில் குடமுழுக்கு வேலை நெருக்கும் வாரங்களிலும் போகாதீர்கள், அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். யாரையும் தெரியாது என்றால் மாவட்டத் தொழில் மையத்திலும், சுவாமிமலையில் இருக்கும் பூம்புகார் கைவினைக் கூடத்திலும் விசாரிக்கலாம். நெசவுக்குக் கூட்டுறவுச் சங்கம்.

மாணவர்களை அழைத்துக்கொண்டு போவதற்கு முன் நீங்கள் மட்டும் ஐந்தாறு முறை போய் வாருங்கள். கேமராவும் கேள்வித்தாளும் வேண்டாம். ஒரு நாள் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்து, மண் பிசையச் சொன்னால் பிசையுங்கள். நான்காவது முறை போனபோது எனக்கு ஒரு பழைய மெழுகு விரலைக் கொடுத்து, "நகத்தை நீங்க வைங்க சார்" என்றார் ஸ்தபதி. மூன்று மணி நேரம் ஆனது. அவர் ஒரு முறை பார்த்துவிட்டு, சூடான இரும்பால் அதைத் தேய்த்து அழித்துவிட்டு, மறுபடி என் கையில் கொடுத்தார்.